இரண்டு கைகள் கட்டிய படகு

“செத்துப்போன மனுஷன் படகு கட்டுவாரா?”

அந்தக் கேள்விக்குச் சில்லறையிடம் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. இரண்டுமே சிரிப்பு வரவழைக்கக்கூடியவை. கேட்டவளின் முகத்தைப் பார்த்ததும் இரண்டையும் விழுங்கிவிட்டான்.

குலுக்கினால் போதும், கலகலவென்று பேச்சு கொட்டும் என்பதால் அவனுக்குச் சில்லறை என்று பெயர். அவனுடைய முதலாளி ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். எரிந்த கடைகளைப் போய்ப் பார்த்து, தானாகப் பிடித்த தீயா, யாராவது பிடிக்க வைத்த தீயா என்று சொல்ல வேண்டிய வேலை. ஒரே கேள்வியை ஏழு விதமாகத் திருப்பிக் கேட்பாள். அதனால் துருவி. இப்போது லாண்டரிக்கு மேலே சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். கீழே இஸ்திரி போட்டால் மேலே தரை சுடும்.

“உங்க வீட்டுக்காரர் செத்துட்டார்னு யார் சொல்றாங்க?” என்றாள் துருவி.

“வாயால யாரும் சொல்லலை. அக்கம்பக்கத்துல என்னைப் பார்க்கிற பார்வையிலேயே சொல்றாங்க.”

வந்தவள் ஜன்னல்களுக்குத் திரை தைக்கிற தையற்காரி. மடியில் ஒரு மூட்டை. பழைய திரைத்துணியால் பச்சைக் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றியிருந்தாள். அவளுக்குப் பின்னால், நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், அவளுடைய நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். காணாமல் போனவரின் தங்கை. கல்யாணம் ஆகாமல் இவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவள்.

தையற்காரி துணியைப் பிரித்தாள்.

மேஜைமேல் ஒரு படகு. முழங்கை நீளம் இருக்கும். துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருமே, குட்டையாக, மூக்கு நிமிர்ந்து, அந்த இழுவைப் படகின் அச்சு. முழுக்க மரம். வார்னிஷில் சில்லறையின் முகம் தெரிந்தது.

“லிஃப்ட் மெக்கானிக் அவர். சொந்தமா வேலை எடுத்துச் செய்வார். மிச்ச நேரமெல்லாம் இதுதான். ஒரு பெட்டி வாங்கிட்டு வந்தார். உள்ள வெட்டின பலகையும் குச்சியும் ஒரு வரைபடமும். ‘இதைச் சேர்த்தா படகு, ரிமோட்ல ஓடும்’னார். சேர்த்துட்டே இருந்தார். எனக்கு நெஞ்சு ஆபரேஷன் நாள் குறிச்சாச்சு. அதுக்கு முந்தின ராத்திரியும் உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சிட்டு இருக்கார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ‘நான் பொழைப்பேனான்னு தெரியலை, உங்களுக்குப் பலகை வழவழப்பா இருக்கணுமா’ன்னு கத்திட்டேன். அவர் ஒண்ணுமே பேசலை.”

பேச்சை நிறுத்தினாள். நாத்தனார் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, “அண்ணி, தண்ணி குடிங்க” என்றாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள், வெளியூர்ல அவசர வேலைன்னு போனார். வரலை. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து பார்த்தா, பாதியில நின்ன படகும் இல்லை. என்னை விட்டுட்டு அதை எடுத்துட்டுப் போயிட்டார்னு நினைச்சேன். எட்டு மாசம். போலீஸ், விசாரிப்பு எல்லாத்துக்கும் இவதான் அலையறா. போன வாரம் கதவைத் திறக்கிறேன், வாசல்ல நிக்குது. முடிச்சு, வார்னிஷ் அடிச்சு. கோபம் தீர்ந்துடுச்சுன்னு சொல்லி அனுப்பியிருக்கார். நேர்ல வரத்தான் கூச்சம்.”

“படகை வேற யாராவது முடிச்சிருக்கலாமே.”

தையற்காரிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. இதற்குத்தான் காத்திருந்தேன் என்பது போல மூட்டையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். பொத்தானைத் தள்ளினாள். குச்சியை இடப்பக்கம் சாய்த்தாள். படகின் பின்னால் சுக்கான் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் சாய்த்தாள். அதுவும் திரும்பியது.

“இது அவரோட ரிமோட். விட்டுட்டுப் போயிட்டார். என் அலமாரியில இருந்துச்சு, இன்னைக்குத்தான் வாசலைத் தாண்டுது. அது சொன்னதை இது கேக்குது பாருங்க. அவர் கட்டாம எப்படிக் கேக்கும்? நான் கடையை மூடிட்டேன். தைக்க வந்த துணியெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. திங்கட்கிழமை கிளம்பறேன். நீங்க இடம் சொன்னா அங்க போவேன். சொல்லாட்டி ஊர் ஊரா தேடுவேன். கண்டுபிடிக்கிற வரைக்கும் திரும்ப மாட்டேன்.”

“நாளை வரைக்கும் ரெண்டும் இங்க இருக்கட்டும்” என்றாள் துருவி.

தையற்காரி படகை விட்டுப் பிரிய மனமில்லாமல் அதன் மூக்கை ஒருமுறை தடவினாள். நாத்தனார் அவள் தோளைப் பிடித்து எழுப்பினாள். அவளுடைய சட்டைக்கை விளிம்பில் வெள்ளையாக ஏதோ பொடி அப்பியிருந்தது.

“மாவு பிசைஞ்சிட்டு அப்படியே ஓடி வந்துட்டீங்க போல” என்றான் சில்லறை, அறையின் இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று.

அவள் சிரிக்கவில்லை. கையை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும், துருவி மேஜை விளக்கை இழுத்துப் படகின் வயிற்றுக்கு நேராகப் பிடித்தாள்.

“சில்லறை, மரப்படகு எப்படிக் கட்டறாங்கன்னு தெரியுமா?”

“எனக்குக் கவிழ்க்கத்தான் தெரியும்.”

“நம்ம உடம்பு மாதிரிதான். அடியில நீளமா ஒரு கட்டை, அது முதுகெலும்பு. அதுமேல குறுக்கே வரிசையா வளைவுச் சட்டம், அது விலா. விலாவுக்கு மேல மெல்லிசா நீள நீளமா பட்டி ஒட்டணும், அது தோல். பட்டியைச் சுடுதண்ணியில ஊற வச்சா வளையும். ஆனா பசை காயற வரைக்கும் ‘நான் நேராவேன்’னு அடம்பிடிக்கும். அதனால ஒவ்வொரு விலாவுலயும் ஒரு சின்ன ஊசியைக் குத்தி இறுக்கி வைப்பாங்க. காஞ்சதும் ஊசியைப் பிடுங்கிடுவாங்க. ஓட்டை மட்டும் இருக்கும். வார்னிஷ் அடிச்சாலும் சாய்ச்சுப் பார்த்தா தெரியும். பாரு.”

சில்லறை குனிந்தான். மேல்தளத்திலிருந்து கீழே இறங்கிய முதல் ஐந்தாறு பட்டிகளில், கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள், தையல் போட்டது போல வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே அடிக்கட்டை வரைக்கும் ஒரு புள்ளிகூட இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தம்.

“பாதியில ஊசி தீர்ந்துபோச்சோ?”

“ஊசி தீர்ந்தா வாங்கலாம். பழக்கம் தீராது. ஊசி குத்திப் பழகின கை ஒண்ணு. ஊசியே இல்லாம வேற எதையோ வச்சுப் பிடிச்ச கை இன்னொண்ணு. இந்தப் படகை ரெண்டு பேர் கட்டியிருக்காங்க.”

“அப்ப அந்தம்மாகிட்ட ஏன் சொல்லலை?”

“ரெண்டாவது ஆள் யாருன்னு தெரியாம முதல் ஆளைப் பத்தி என்னத்தைச் சொல்ல?” துருவி படகைத் துணியில் சுற்றினாள். “அதுவும் போக, அந்த ரிமோட் எனக்கு இடிக்குது.”

*

மாதிரிக் கப்பல் கடைக்காரரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் ஒரு தடவைதான் நிஜப் படகில் ஏறினார், கரை தெரிகிற தூரத்திலேயே வாந்தி எடுத்தார் என்பதைச் சில்லறை வழியிலேயே சொல்லிவிட்டான். கடையின் கூரையிலிருந்து முடிந்ததும் முடியாததுமாகப் படகுகள் தொங்கின. தலையை நிமிர்த்தினால் கடலுக்கு அடியில் நின்று பார்ப்பது போலிருந்தது.

“லிஃப்ட்காரரோடது” என்றார் கேப்டன், படகைப் பார்த்த மாத்திரத்தில். “என்கிட்ட வாங்கின பெட்டிதான். மனுஷன் எங்க போனார்? வாரம் தவறாம வந்து சந்தேகம் கேப்பார். ஒரு பட்டி இடப்பக்கம் ஒட்டினா அடுத்தது வலப்பக்கம் ஒட்டணும், ஒரே பக்கமா ஒட்டிட்டே போனா முதுகெலும்பு வாழைப்பழம் மாதிரி கோணிக்கும். அதைக்கூட ‘ஏன்?’னு கேட்டவர்.”

“நல்லா முடிச்சிருக்காரா?” என்றாள் துருவி.

கேப்டன் விரலால் தடவினார். புருவம் உயர்ந்தது. “இது வழக்கமான வழவழப்பு இல்லை. முப்பது வருஷத்துல இப்படி ஒரு பாலிஷ் நான் பார்த்ததில்லை. உப்புத்தாள்ல இது வராது.”

மேல்தளத்தில் அறை போலிருந்த பகுதியைப் பிடித்துத் தூக்கினார். அது மூடி. உள்ளே மோட்டார், பேட்டரி, சுக்கானைத் திருப்பும் சின்ன எந்திரம். அதன் பக்கத்தில் நகத்தளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மீசை மாதிரி ஒரு கம்பியோடு.

“இது என்ன?” என்றான் சில்லறை.

“ரிசீவர். படகோட காது. ரிமோட் காத்துல சொல்றதைக் கேட்டு மோட்டாருக்கும் சுக்கானுக்கும் சொல்லும்.” கேப்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அட, இது நான் கொடுத்தது இல்லையே. அவருக்கு நான் கொடுத்தது தீப்பெட்டி சைஸ். இந்த மாடல் கம்பெனிக்காரன் வெளியே விட்டே ரெண்டு மாசம்தான் ஆச்சு. என் கடைக்கு இன்னும் சரக்கே வரலை. தபால்லதான் வாங்கியிருக்கணும்.”

துருவி குனிந்து அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “பழைய ரிமோட் சொன்னா இந்தப் புதுக் காது கேக்குமா?”

“ஒரே கம்பெனி, கேக்கும். ஆனா முதல்ல ஜோடி சேர்க்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டுக்கும் கரண்ட் கொடுத்து, இந்தப் பொத்தானை அழுத்திப் பிடிக்கணும். விளக்கு சிமிட்டி நின்னா ஜோடி சேர்ந்தாச்சு. அதுக்கப்புறம் குளத்துல ஐம்பது ரிமோட் இருந்தாலும் இது தன் ஜோடி சொல்றதை மட்டும்தான் கேக்கும்.”

“கல்யாணம் மாதிரியா?” என்றான் சில்லறை.

“கல்யாணத்துல காது கேக்குமா என்ன?” என்றார் கேப்டன்.

துருவி சிரிப்பில் சேரவில்லை. கடை வாசலைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்: “ரிசீவர் பிறந்து ரெண்டு மாசம். ரிமோட் எட்டு மாசமா அலமாரியை விட்டு நகரலைன்னு அந்தம்மா சொல்றாங்க. ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஜோடி சேர்ந்திருக்கு. ரிமோட் படகைத் தேடிப் போகலை. அப்ப படகுதான் ரிமோட்டைத் தேடி வந்திருக்கு.”

சில்லறைக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. “வீட்டுக்குள்ளயா?”

“அலமாரி எங்க இருக்கு, அந்தம்மா எப்ப குளிக்கப் போவாங்கன்னு தெரிஞ்ச ஆள்.” கையை நீட்டினாள். “டார்ச் கொடு. கேப்டன், உங்ககிட்ட சின்னக் கண்ணாடி இருக்கா?”

கண்ணாடியைப் படகுக்குள் சாய்த்து, டார்ச் வெளிச்சத்தை அதில் அடித்து, மூடியைத் திறந்த இடம் வழியாக நேராகப் பார்க்க முடியாத வால் பகுதிக்குள் துருவி எட்டிப் பார்த்தாள். பிறகு நகர்ந்து, சில்லறைக்கு இடம் கொடுத்தாள்.

உள்ளே, வெளியாட்கள் கண் படாத இடத்தில், பட்டிக்கும் பட்டிக்கும் நடுவிலிருந்த இடுக்குகளிலெல்லாம் ரோஜா நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. பளபளவென்று, கெட்டியாக, சதைபோல.

“தண்ணி உள்ள புகுந்திருக்கு” என்றார் கேப்டன், அவரும் எட்டிப் பார்த்துவிட்டு. “பழைய ரிசீவர் நனைஞ்சு செத்திருக்கும். அதான் புதுசு. இது புதுசா கட்டறவங்க செய்யற தப்பு. புரொப்பல்லர் தண்டு போற குழாய் இருக்கே, அதுக்குள்ள நிறைய கிரீஸ் அடைக்கணும். அடைக்காட்டி அது வழியாத்தான் தண்ணி ஏறும். இந்த ஆள் அது தெரியாம, இடுக்கு வழியா வருதுன்னு நினைச்சு, பாவம், ஒரு இடுக்கு விடாம அடைச்சிருக்கார்.”

“லிஃப்ட்காரர் அந்தத் தப்பைச் செய்வாரா?”

கேப்டன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “அம்மா, அவர் கை குலுக்கினா என் கையில கிரீஸ் ஒட்டும்.”

சில்லறை இன்னும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. “அக்கா, படகுக்கு ஈறு முளைச்சிருக்கு” என்றான்.

சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். துருவியின் கை அவன் தோளில் விழுந்தது.

“திரும்பச் சொல்லு.”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க்கா.”

“உன் முன்பல்லைக் கழட்டு.”

சில்லறையின் முன்பற்களில் ஒன்று அவனுடையதல்ல. ஒரு பஸ் கண்டக்டரிடம் சொல்லக்கூடாத ஜோக்கைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசின் மிச்சம். கேப்டன் முன்னால் அதைக் கழற்ற அவனுக்கு வெட்கமாக இருந்தது. கழற்றினான். துருவி அதைக் கைக்குட்டையில் வாங்கி, படகின் திறந்த வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து, டார்ச் அடித்தாள். பல் உட்கார்ந்திருந்த பொய் ஈறும், படகின் இடுக்கும், ஒரே ரோஜா. ஒரே பளபளப்பு.

“பல்செட் கட்டறவங்க லேப்ல இதை மாவா வச்சிருப்பாங்க” என்றாள் துருவி. “திரவம் விட்டுக் குழைச்சா கொஞ்ச நேரத்துல கல்லாயிடும். பல்லை நிறுத்திப் பார்க்க ஒட்டுமெழுகு வச்சிருப்பாங்க. அதான் ஊசியே தேவைப்படலை. வாய்க்குள்ள நாக்குல உறுத்தக்கூடாதுன்னு பாலிஷ் பிடிப்பாங்க பாரு, அந்தப் பாலிஷ்தான் இது. அப்புறம் வாயோட அச்சு எடுக்க வெள்ளையா ஒரு பொடி…”

சில்லறை பல்லை மாட்டிக்கொண்டான். அது சரியாக உட்கார இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

“அந்த நாத்தனார் சட்டைக்கையில இருந்தது மாவு இல்லை” என்றான்.

*

நாத்தனார் வேலை பார்த்த பல் லேப், ஒரு மருந்துக் குடோனுக்குப் பின்னால் நீளமான ஒற்றை அறை. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணோடு. மத்தியான வேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நாத்தனார் மட்டும் சுழலும் துணிச்சக்கரத்தில் ஒரு பல்செட்டைப் பிடித்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இத்தனை பேர் வாயைத் திறந்துகிட்டு இருக்காங்க, ஒருத்தர்கூட பேச மாட்டேங்கறாங்களே” என்று ஆரம்பித்தான் சில்லறை.

துருவி படகை எதிரே வைத்ததைப் பார்த்ததும் அவள் சக்கரத்தை நிறுத்தினாள்.

“குழாய்ல கிரீஸ் அடைக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலை” என்றாள் துருவி.

அவள் மறுக்கவில்லை. “வாளித் தண்ணியில விட்டுப் பார்த்தேன். உள்ள நிறைஞ்சு போச்சு. எங்க ஒழுகுதுன்னு தெரியலை. எனக்குத் தெரிஞ்சதை வச்சு அடைச்சேன். அப்புறமும் ஒழுகுச்சு. வரைபடத்தைத் திரும்பப் படிச்சதுலதான் கிரீஸ்னு போட்டிருந்ததைப் பார்த்தேன்.” பல்செட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். “அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“எதை?”

“நான்தான் முடிச்சேன்னு.”

“அதை மட்டும் சொல்றதா இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.” துருவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் குரல் தணிந்திருந்தது. “ஒரு மனுஷன் எங்கேயோ உயிரோட இருந்தா, அவர் கட்டினதுன்னு சொல்லி ஒரு படகை விட யாருக்கும் தைரியம் வராது. நாளைக்கே வந்து ‘இது நான் கட்டலையே’ன்னு சொல்லிடுவார். உங்க அண்ணி அவர்தான் கட்டினார்னு நம்பினப்போ நீங்க பயப்படலை. ஏன்னா அவர் வந்து மறுக்க மாட்டார்னு உங்களுக்குத் தெரியும்.”

சில்லறை அலமாரியைப் பிடித்துக்கொண்டான். இந்த வழக்கு முடிகிறபோது ஒரு லாட்ஜ் அறையில், வெட்கப்பட்டுக்கொண்டு, வளர்ந்த தாடியோடு அந்த லிஃப்ட்காரர் கதவைத் திறப்பார் என்று அவன் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். அப்போது சொல்வதற்கு ஒரு ஜோக்கும் வைத்திருந்தான்.

“அண்ணன் கடைசியா போன் பண்ணினது எனக்கு” என்றாள் நாத்தனார். “அண்ணி எழுந்து உட்கார்ந்தாளா, கஞ்சி குடிச்சாளான்னு கேட்டுச்சு. அடுத்த போன் அந்த ஊர் ஆஸ்பத்திரியில இருந்து வந்துச்சு. அண்ணனோட போன்ல கடைசி நம்பர் என்னோடதுதானே. போனேன். நெஞ்சுதான். அண்ணிக்குக் கிழிச்சுத் தைச்ச அதே நெஞ்சு, அண்ணனுக்கு ஒரு நொடியில நின்னுடுச்சு. இங்க டாக்டர், அண்ணிக்கு ஒரு அதிர்ச்சியும் கூடாதுன்னு என்கிட்டதான் சொல்லியிருந்தார். அண்ணியோட தையல் இன்னும் பிரிக்கலை. அங்கயே அடக்கம் பண்ணிட்டு ராத்திரி பஸ்ல வந்தேன். வந்து அண்ணிக்குக் கஞ்சி ஊட்டினேன். ‘உங்க அண்ணன் கோபமா போயிட்டார் போல’ன்னாங்க. ‘வேலை இழுத்திருக்கும்’னேன்.”

“அப்புறம்?”

“உடம்பு தேறட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். தேறினதும், ஏன் இத்தனை நாள் மறைச்சேன்னு கேப்பாங்களேன்னு பயம் வந்துச்சு. ஒரு மாசம் போச்சு, பயமும் ஒரு மாசம் வளர்ந்துச்சு. போலீஸ்ல புகார் கொடுத்தேன்னு பொய் சொன்னேன். போலீசுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போற நாளெல்லாம் இங்கதான் வருவேன்.” படகின் விளிம்பை விரலால் தொட்டாள். “அண்ணி ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள இதை எடுத்து ஒளிச்சது நான்தான். பாதியில நிக்கறதைப் பார்த்தா தாங்க மாட்டாங்க. ஆனா எடுத்துட்டு வந்து இங்க வச்சா, என்னாலயும் தாங்க முடியலை. கையில இருக்கிறதை வச்சுக் கட்ட ஆரம்பிச்சேன். இதை முடிச்சதும் அன்னைக்கே சொல்லிடறதுன்னு எனக்கு நானே கெடு வச்சேன்.”

“முடிச்சீங்களே.”

“முடிச்சேன். எடுத்துட்டுப் போய் வாசல்ல வச்சேன். மூச்சு வாங்க மாடிப்படித் திருப்பத்துல நின்னேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு வாய்க்குள்ள சொல்லிப் பார்த்துட்டு இருந்தேன். அதுக்குள்ள அண்ணி கதவைத் திறந்துட்டாங்க.” படகின் மூடியை ஒருமுறை அழுத்தி வைத்தாள். “சிரிச்சாங்க. எட்டு மாசத்துல முதல் தடவை. படகைக் கட்டிப் பிடிச்சுகிட்டு, ‘வந்துட்டார், வந்துட்டார்’னு சிரிச்சாங்க. அதுக்கு மேல எந்த வாயை வச்சுச் சொல்வேன்?”

சுவரெல்லாம் திறந்த வாய்கள். சில்லறை எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தான்.

“நான் சொல்லட்டுமா?” என்றாள் துருவி.

“வேண்டாம். நான் சொல்றேன். நாளைக்கு. படகைக் குளத்துல விடலாம்னு கூப்பிடுங்க, வருவாங்க. வீட்டுக்குள்ள, அண்ணன் நாற்காலிக்கு முன்னாடி நின்னுகிட்டு என்னால முடியாது.”

*

பூங்காவின் குளத்தில் காலை நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. தையற்காரி நல்ல துணி உடுத்தி, தலையைப் படிய வாரி வந்திருந்தாள். யாரையோ சந்திக்க வந்தவள் போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று சில்லறைக்குப் புரிந்தது. அவன் போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

நாத்தனார் குனிந்து படகைத் தண்ணீரில் வைத்தாள். சரியாக அது மிதக்க வேண்டிய கோடு வரைக்கும் மூழ்கி, ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. தையற்காரி ரிமோட்டில் குச்சியைத் தள்ளினாள். மெல்லிய முனகலோடு படகு கரையை விட்டு விலகி, பின்னால் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனது.

“நேரா போகுது பாருங்க” என்றாள் துருவியிடம். “அவர் கை கோணாது. சொல்லுங்க. எந்த ஊர்?”

துருவி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“அண்ணி” என்றாள் நாத்தனார். “நான்தான் அண்ணி முடிச்சேன்.”

“என்ன முடிச்சே?”

“படகை. அண்ணன் பாதிதான் கட்டுச்சு. மீதி நான்.”

தையற்காரி அவளைப் பார்த்தாள். விரல் குச்சியிலேயே இருந்தது. படகு போய்க்கொண்டேயிருந்தது.

“உனக்கு எதுக்கு அந்த வேலை? அவர் வந்து முடிக்க மாட்டாரா?”

நாத்தனார் வாயைத் திறந்தாள். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். ஒரு தடவை அசைத்தவள் நிறுத்தத் தெரியாமல் அசைத்துக்கொண்டேயிருந்தாள்.

ரிமோட் புல்லில் விழுந்தது. படகு நின்று, நடுக்குளத்தில் தன் அலையிலேயே ஆடியது.

அடுத்து என்ன நடக்கும் என்று சில்லறைக்குத் தெரியவில்லை. தையற்காரி கத்துவாள், அடிப்பாள், மயங்கி விழுவாள் என்று மூன்றுக்கும் தயாராக அவன் மரத்தை விட்டு வெளியே வந்தான். மூன்றும் நடக்கவில்லை. அவள் நாத்தனாரின் இரண்டு சட்டைக்கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எப்போ?”

“அப்பவே. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ.”

“யார் பக்கத்துல இருந்தா?”

“நான் போனப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு அண்ணி. நான்தான் பண்ணினேன். எல்லாத்தையும்.”

“ஒத்தையாவா?”

“ஒத்தையா.”

“பாவி. எட்டு மாசம் என் மூஞ்சியைப் பார்த்துகிட்டு எப்படிடி இருந்தே? நான் தினம் வாசல்ல நின்னேனே. நீயும் பக்கத்துல வந்து நின்னியே.” குரல் உயரவேயில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “உன்னை மன்னிக்கறதா வேண்டாமான்னு எனக்கு இப்பத் தெரியாது. என்கிட்ட அதைக் கேக்காதே.”

“கேக்க மாட்டேன் அண்ணி.”

துருவி குளத்தின் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் திரும்பி நின்றது இதுதான் முதல் தடவை என்று சில்லறைக்குத் தோன்றியது.

தையற்காரி மறுபடி பேசியபோது, கேள்வி மிகச் சின்னதாக வந்தது. அதைக் கேட்கத்தான் எட்டு மாதம் கடையை நடத்தினாள், சாப்பிட்டாள், தூங்கினாள் என்பது போல.

“அப்ப எங்க இருந்தார்?”

“அந்த ஊர் பஸ் ஸ்டாண்ட்ல. பஸ்ஸுக்குள்ள. ஏறி ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்துச்சாம். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்திருக்கார், அண்ணன் கையை நீட்டி வாங்கலை. தூங்கறார்னு நினைச்சிருக்கார்.”

“எந்த பஸ்?”

நாத்தனாருக்குப் புரியவில்லை. “அண்ணி?”

“எங்க போற பஸ்ஸுடி அது? என்மேல கோபப்பட்டுத்தானே போனார். இன்னும் தூரமா போறதுக்கு ஏறினாரா?”

நாத்தனார் அவளை வெறித்துப் பார்த்தாள். எட்டு மாதமாக இந்த ஒரு கேள்வி பக்கத்து அறையில் படுத்திருந்ததை அவள் அறியவேயில்லை. தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், அவசர அவசரமாக, தாமதமாகி விடுமோ என்று பயந்தவள் போலச் சொன்னாள்:

“இல்ல அண்ணி, இல்ல. இங்க வர்ற பஸ். நம்ம ஊர் பஸ்தான் அண்ணி. அண்ணன் வீட்டுக்கு வந்துட்டு இருந்துச்சு.”